என்டரை அமத்தினா என்ன நடக்க வேணும்?

கீபோர்ட்டில் ஸ்பேஸுக்கு அடுத்ததாகக் கைக்குச் சுகமா அம்பிடுற விசை என்டர்தான். எதையாவது தேடுறது, மெசேஜ் அனுப்புறது, பாஸ்வேர்ட் அடிச்சு உள்ளே போறது எல்லாம் அதாலதான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் அமத்துறம் என்று ஆரும் எண்ணிப் பார்க்கிறதில்லை. புரோகிராம் எழுதப் பழகுறவர்களுக்கும் அது ஆரம்பப் பாடங்களிலேயே வந்துபோகிற சின்ன விசயம். ஒரு விண்டோ, அதில் எழுதுறதுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் எழுதி என்டரை அமத்தினால் ஏதோ ஒரு வேலை நடக்க வேணும். ஒரு வரி கோட். முடிஞ்சுது.

அந்த ஒரு வரிக்காக நாங்கள் நாலு பேர் இரண்டு மாதம் மெனக்கெட்டோம். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்து வாசிகசாலை. சனசமூக நிலையத்தின் ஒரு பக்க அறை, ஆறு அலுமாரி, ஏறத்தாழ 3,000 புத்தகம். என்னென்ன புத்தகம் இருக்கு என்ற விபரம் மூன்று சீ.ஆர். கொப்பியளில் இருந்தது. அதில் ஒன்று வெள்ளத்தில் நனைந்து பாதிப் பக்கத்தில் மை கரைஞ்சு போச்சு. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் பழைய கணனி ஒன்றைக் குடுத்திருந்தார். புத்தகப் பட்டியலை அதில் ஏற்றுறதுக்கு ஒரு புரோகிராம் செய்து தருவீங்களோ என்று எங்களிட்டக் கேட்டினம்.

வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருக்கிற அக்காவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. 2009 இல் இழந்தது. அவ அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் முதல் கூட்டத்திலேயே அந்தக் கைதான் பேசுபொருளாயிட்டுது. நிர்வாகத்தில் இருந்த ஒரு ஐயா, "அக்கா பாவம். கணனி வேலையை ரெண்டு கையும் உள்ள ஒரு பிள்ளையிட்டக் குடுப்பம். அவ பக்கத்தில இருந்து பாக்கட்டும்" என்றார். அவர் அதை இரக்கத்தோடதான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு மாதாமாதம் கிடைக்கிற சின்னக் கொடுப்பனவும், அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிற கதிரையும் அந்த வேலையோடு சேர்ந்தவை. இரக்கப்பட்டே ஒராளை வேலையிலிருந்து எழுப்பலாம்.

அக்கா கோபப்படவில்லை. "என்னட்ட ரைப்பிங் சேட்டிபிக்கற் இருக்கு ஐயா. ஒரு கையால நான் அடிக்கிற வேகத்துக்கு இந்தப் பிள்ளையள் ரெண்டு கையாலயும் அடிக்கட்டும் பாப்பம்" என்றா. பிறகு எங்கட பக்கம் திரும்பி, "எனக்கு ஒண்டு மட்டும் செய்து தாங்கோ. அந்த எலியத் தொட வையாதேங்கோ" என்றா.

எலி என்றால் மவுஸ்.

கோட் எழுத முதல் நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க அவவின் பக்கத்தில் இருந்து பார்த்தோம். புத்தகத்தை விரிச்சு, ஒரு கல்லைப் பாரமாக வைச்சு, வலது கையால் ஒரு வெறும் எழுத்துக் கோப்பில் அடிச்சுக் காட்டினா. உண்மையிலேயே கெதி. ஷிஃப்ட் தேவைப்படுற எழுத்து வரேக்க ஷிஃப்டை ஒருக்கா தட்டி விட்டிட்டு, பிறகு எழுத்தைத் தட்டினா. இதற்கு 'ஸ்டிக்கி கீஸ்' என்று பெயர். விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருக்கிற வசதி, லினக்ஸிலும் உண்டு. கேம் விளையாடுற ஆக்களுக்கு அதைத் தெரிஞ்சிருக்கும். ஷிஃப்டை ஐந்து தரம் தொடர்ந்து அமத்தினவுடன் திடீரென்று வந்து குழப்புற பெட்டி அதுதான். எரிச்சலோடு நாங்கள் 'நோ' குடுக்கிற அந்தப் பெட்டி, இன்னொராளுக்கு இல்லாத கையின்ர வேலையைச் செய்துகொண்டிருக்கு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். ஒரு புத்தகத்துக்கு ஆறு பெட்டி: பதிவு இலக்கம், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, அலுமாரி இலக்கம். பெட்டிக்குப் பெட்டி போக ஐந்து தரம், கடைசியில் 'சேமி' பொத்தானுக்கு ஒரு தரம் என்று ஆறு தரம் மவுஸைத் தொட வேணும். 3,000 புத்தகத்துக்கு 18,000 தரம். இரண்டு கை உள்ளவருக்கு ஒரு கை மவுஸுக்குப் போனாலும் மற்றக் கை கீபோர்ட்டில் நிற்கும். அக்காவுக்கு ஒவ்வொரு தரமும் எழுத்து முழுதாக நிற்கும். திரும்பி வந்து விரல்களை இடத்தில் வைக்க வேணும். ஆக, 18,000 தரமும் அந்த வேலையை என்டர்தான் செய்ய வேணும்.

இரண்டு வேலை, ஒரு விசை

இந்த விசைக்கு ஒரு பழங்கதை இருக்கு. ரைப்பிங் கிளாஸுக்குப் போன அம்மாமார், அக்காமாரிட்டக் கேட்டுப் பாருங்கள். தட்டச்சு மெசினில் ஒரு வரி முடியப் போகேக்க மணி அடிக்கும். இடது பக்கத்தில் இருக்கிற கைபிடியைத் தள்ளினால் காகிதம் சுற்றின உருளை ஆரம்பத்துக்குத் திரும்பி வரும். காகிதமும் ஒரு வரி மேலே ஏறும். மின்சார மெசின் வந்தபோது அந்தக் கைபிடி 'ரிட்டர்ன்' என்ற விசையாக வலது பக்கத்துக்கு வந்தது. தொலைஅச்சு இயந்திரங்களில் இந்த ஒரு அசைவு இரண்டு கட்டளையாகப் பிரிந்திருந்தது. ஆரம்பத்துக்குத் திரும்பு என்பது ஒன்று, ஒரு வரி கீழே போ என்பது மற்றது. 1963 இல் வந்த ஆஸ்கி தரத்தில் முதலாவதற்கு 13, இரண்டாவதற்கு 10 என்று இலக்கம். உருளையும் இல்லை, காகிதமும் இல்லை. ஆனால் விண்டோஸில் ஒரு எழுத்துக் கோப்பைச் சேமித்தால் வழக்கமாக ஒவ்வொரு வரி முடிவிலும் இன்றைக்கும் அந்த இரண்டும் ஒளிஞ்சு இருக்கும். லினக்ஸில் 10 மட்டும்.

'என்டர்' வேறொரு இடத்திலிருந்து வந்த சொல். 1971 இல் ஐபிஎம் வெளியிட்ட 3270 என்ற திரைகளில், ஆக்கள் படிவத்தின் பெட்டிகளை ஆறுதலாக நிரப்புவார்கள். அதுவரை பெரிய கணனிக்கு ஒன்றும் தெரியாது. என்டரை அமத்தினால்தான் நிரப்பினது எல்லாம் ஒன்றாகப் போகும். அடுத்த வரிக்குப் போக வேறொரு விசை இருந்தது. ஆக, "அடுத்த வரிக்குப் போ" என்பது ஒன்று, "நான் முடிச்சிட்டன், எடுத்துக்கொள்" என்பது இன்னொன்று. இரண்டும் பிறகு ஒரே விசைக்குள் வந்து குடியேறிவிட்டன. பந்தி எழுதுற இடத்தில் அது முதலாவது வேலையைச் செய்யும். ஒற்றை வரிப் பெட்டியில் இரண்டாவதை. வட்ஸ்அப்பில் அடுத்த வரிக்குப் போக நினைச்சு அமத்தி, பாதி மெசேஜ் பறந்து போறது இந்த இரட்டைக் குடித்தனத்தாலதான்.

இதை அக்காவுக்குச் சொன்னபோது அவ கனநேரம் யோசிக்கவில்லை. "அந்தக் காலத்து மெசின் எண்டா இப்ப என்னால ஏலாது. கைபிடி இடப்பக்கம். இது ஏலும்" என்றா.

எப்படித் தெரியும்?

விசையை அமத்தினவுடன் கீபோர்ட் ஒரு குறியீட்டை அனுப்பும். ஒப்பரேட்டிங் சிஸ்டம் அது எந்த விசை என்று கண்டுபிடிச்சு, அந்த நேரம் முன்னுக்கு நிற்கிற விண்டோவிட்டக் குடுக்கும். விண்டோ, கேர்சர் மினுங்குற பெட்டியிட்டக் குடுக்கும். எங்கட புரோகிராம் சும்மா வாசலில் குந்திக்கொண்டிருக்கும். "இப்படி ஒன்று நடந்தால் என்னைக் கூப்பிடு" என்று சொல்லி வைச்சிருந்தால்தான் அதைக் கூப்பிடுவார்கள்.

சொல்லி வைக்கிறதுக்கு இரண்டு வழி. ஒன்று, எந்த விசை அமத்தினாலும் என்னைக் கூப்பிடு, அது 13 ஓ இல்லையோ என்று நான் பார்க்கிறேன் என்பது. மற்றது, இந்தப் பெட்டியில் எழுதுறவர் "முடிச்சிட்டன்" என்று சொன்னால் மட்டும் கூப்பிடு என்பது. கனக்கப் பாடங்கள் முதலாவது வழியைத்தான் முதலில் காட்டும். விண்டோ செய்யிற தொகுதிகளில் இரண்டாவதும் இருக்கு. ஜாவா ஸ்விங்கில் அதற்கு 'அக்ஷன் லிசினர்', ஜிடிகேயில் 'அக்டிவேட்', கியூட்டியில் 'ரிட்டர்ன் பிரெஸ்ட்'. டபிள்யூஎக்ஸ் தொகுதியில் பெட்டியைச் செய்யேக்கையே "என்டரை எனக்குத் தா" என்று தனியாக ஒரு குறிப்புக் குடுக்க வேணும். இல்லாவிட்டால் அந்தச் செய்தி வராது.

நாங்கள் பைதனும் கியூட்டியும் எடுத்தோம். பைதனோடு வாற டிகேஇன்டர் இன்னும் சுகம்தான், ஆனால் அந்த லினக்ஸ் கணனியில் கொம்பு எழுத்துகளை அது ஒழுங்காகக் காட்டவில்லை. 'கெ' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு பின்னால் போய் நின்றது. தலைப்பே பிழையாகத் தெரியிற பட்டியலை ஆர் நம்புவினம்?

இரண்டு வழியில் எதை எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மூன்று இடத்தில் வித்தியாசம் வரும்.

முதலாவது, கீபோர்ட்டில் இரண்டு என்டர் இருக்கு. ஒன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில், மற்றது வலது கோடியில் இலக்கங்களுக்குப் பக்கத்தில். விண்டோஸ் இரண்டுக்கும் 13 என்றுதான் சொல்லும், கூட ஒரு சின்ன அடையாளம் வைக்கும். லினக்ஸ் திரைகளில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர். கியூட்டியிலும் ஒன்று 'ரிட்டர்ன்', மற்றது 'என்டர்'. விசையை நேரே பார்க்கிற புரோகிராம் ஒரு பெயரை மட்டும் தேடினால் மற்ற விசை செத்துப் போகும். அக்கா ஆண்டையும் பதிவு இலக்கத்தையும் வலது கோடி இலக்கங்களில்தான் அடிப்பா. அங்கேயிருந்தே பெருவிரலுக்கு எட்டுறது அந்த இரண்டாவது என்டர். "முடிச்சிட்டன்" என்பதைக் கேட்கிற வழியில் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாவது, எழுத்து முறை. பாமினி முறையில் ரைப் பண்ணிப் பழகினவைக்குக் கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோட்டில் மெய்தான் முதலில் சேமிக்கப்படும். அதனால் பல எழுத்துக் கருவிகள் இடையில் நின்று, கொம்பைக் கையில் பிடிச்சுக்கொண்டு, மெய் வரும்வரைக்கும் காத்திருக்கும். அந்த நேரம் பெட்டிக்குள் அந்த எழுத்து இன்னும் முழுசாகப் பிறக்கவில்லை. ஆங்கில எழுத்தில் அடிச்சுத் தமிழாக்கிற கருவிகளில் சொற்பட்டியல் ஒன்று விரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்டர்தான். ஜப்பான்காரருக்கு இது அன்றாடப் பாடு. சொல்லை உறுதிப்படுத்த அவர்கள் என்டரை அமத்த, அதை "அனுப்பு" என்று விளங்கிக்கொண்டு பாதி வசனத்தை அனுப்புற செயலிகள் கனக்க இருக்கு. ஆங்கிலம் மட்டும் ரைப் பண்ணுறவர் மட்டும் சோதிச்சுப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. எழுத்துக் கருவி தன்ர வேலையை முடிச்ச பிறகு வாற என்டர்தான் எங்களுக்குரியது.

மூன்றாவது, விரல். விசையைக் கொஞ்சம் கூட நேரம் அமத்தினால் அது திரும்பத் திரும்ப வரும். எழுத்தென்றால் 'அஅஅஅ' என்று வரும், அழிச்சு விடலாம். என்டர் அப்படி வந்தால் ஆறு பெட்டியையும் தாண்டி வெறுமையாய்ச் சேமிச்சுப் போட்டுத்தான் நிற்கும். பின்னேரமாகி ஒரு கை களைச்சுப் போனால் விரல் விசையில் தங்கும். எது புதிசாக அமத்தினது, எது தானாகத் திரும்பி வந்தது என்று கியூட்டி சொல்லித் தரும். திரும்பி வாறதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. தலைப்பு இல்லாமல் எதுவும் சேமிபடாது என்றும் வைச்சோம்.

கியூட்டியில் 'எடிட்டிங் ஃபினிஷ்ட்' என்று இன்னொரு செய்தியும் இருக்கு. பெயரைப் பார்த்தால் இதுதான் பொருத்தம் போலத் தெரியும். ஆனால் அது என்டரை அமத்தினாலும் வரும், கேர்சர் வேறு பெட்டிக்குப் போனாலும் வரும். ஒராள் "முடிச்சிட்டன்" என்று சொல்லுறதும், கதவைத் திறந்து வெளியில் எட்டிப் பார்க்கிறதும் ஒன்றல்ல.

எங்களுக்குள் நடந்த சண்டை

கோட் இவ்வளவுதான். உண்மையான வாக்குவாதம் அதற்குப் பிறகுதான் வந்தது: என்டரை அமத்தினா என்ன நடக்க வேணும்?

எங்களில் ஒருத்திக்கு இதில் உறுதியான கருத்து இருந்தது. பெட்டிக்குப் பெட்டி போறதுக்கு 'டாப்' விசை இருக்கு, என்டர் என்றால் படிவத்தைச் சேமிக்க வேணும், உலகமெல்லாம் அப்படித்தான், எங்கட புரோகிராம் மட்டும் வேறமாதிரி நடந்தால் நாளைக்கு இதைப் பாவிக்க வாற ஆக்கள் குழம்புவினம். அவ சொன்னது சரி. கியூட்டியின் உரையாடல் பெட்டிகளில் சும்மா விட்டால் என்டர் பிரதான பொத்தானைத்தான் தட்டும்.

மற்றவர் கீபோர்ட்டைத் தூக்கி மேசையில் வைச்சார். "டாப் எங்க இருக்கு?" இடது கோடியில். "அக்காவின்ர கை எங்க?" வலது பக்கத்தில். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தக் கை முழுக் கீபோர்ட்டையும் கடந்து போய் வர வேணும். மவுஸை விலத்திவிட்டு அதே பயணத்தை டாப்புக்குக் குடுக்கிறதில் என்ன அர்த்தம்? டாப்பை இடது சின்னிவிரலுக்குக் கீழே வைச்ச வழக்கம், இரண்டு கையும் கீபோர்ட்டில் இருக்கும் என்று நம்பி வந்த வழக்கம். எக்ஸெலில் என்டர் அடுத்த கட்டத்துக்குத்தானே போகுது, அதில் ஆரும் குழம்பவில்லையே என்றும் கேட்டார்.

இரண்டு நாள் இழுபட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். என்டர் அடுத்த பெட்டிக்குப் போகும்; கடைசிப் பெட்டியில் சேமிக்கும்; சேமிச்சவுடன் ஒரு சின்னச் சத்தம் கேட்டு, கேர்சர் முதல் பெட்டிக்குத் திரும்பும். டாப்பும் வழக்கம்போல வேலை செய்யும். "நிச்சயமாகச் சேமிக்கவா?" என்று கேட்கிற பெட்டியை வைக்கவில்லை. ஆறு தரம் என்டர் அமத்தின விரல் ஏழாவது தரத்தையும் வாசிக்காமலே அமத்தும்; அந்தக் கேள்வியால் ஆருக்கும் பிரயோசனம் இல்லை. அதற்குப் பதிலாக, கடைசியாகச் சேமிச்ச புத்தகத்தைத் திருத்தத் திரும்பக் கொண்டுவர ஒரு விசை. இரண்டு விசையைச் சேர்த்து அமத்துற குறுக்குவழி ஒரு கைக்குப் பாரம் என்பதால் மேல் வரிசையில் வலப்பக்கம் இருக்கிற எஃப்12 மட்டும்.

பிறகு ஒருநாள் ஆரோ ஒரு பார்கோட் ஸ்கேனரையும் அனுப்பினார்கள். யூஎஸ்பியில் செருகுகிற இந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் தங்களைக் கீபோர்ட் என்று சொல்லித்தான் கணனிக்கு அறிமுகமாகும். இலக்கங்களை அடிச்சு முடிச்சுக் கடைசியில் ஒரு என்டரும் போடும்படி அமைச்சிருப்பார்கள். புதிய புத்தகங்களுக்கென்று ஐஎஸ்பிஎன் பெட்டி ஒன்றைக் கூட்டி, பின் அட்டையில் 978 என்று தொடங்குற கோட்டைக் காட்டினோம். இலக்கம் தானாக விழுந்து, கேர்சர் தானாக அடுத்த பெட்டிக்குப் போனது. அதற்காக ஒரு வரி கூட எழுதவில்லை. "பேய் வந்து ரைப் பண்ணுது" என்று அக்கா சிரிச்சா. அமத்தினது வலது கையோ, களைச்ச விரலோ, சிவப்பு வெளிச்சமோ, பெட்டிக்குத் தெரியாது. ஆனால் அந்த அலுமாரியளில் பழைய புத்தகங்களுக்குப் பார்கோடே இல்லை. அதெல்லாம் அக்காவின் கையாலதான்.

வேலையை வேறு பிள்ளையிட்டக் குடுக்கிற கதை இப்ப நிர்வாகத்தில் எழும்புறதில்லை. மூன்றாவது அலுமாரி முடியப் போகுது. ஐயா இடைக்கிடை வந்து, தன்ர பழைய புத்தகங்கள் ஏறிட்டுதோ என்று கேட்டுப் பார்ப்பார். அக்கா திரும்பிப் பார்க்காமலே தேடிச் சொல்லுவா.

நீங்களும் ஏதாவது ஒரு சின்ன விண்டோவைச் செய்துகொண்டிருந்தால், ஆரிட்டயாவது குடுக்க முதல் ஒருக்கா இப்படிச் செய்து பாருங்கள். மவுஸைக் கழற்றி வையுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டுங்கள். தமிழில் பத்துப் பதிவு போடுங்கள். ஐந்தாவது பதிவில் எரிச்சல் வரும். எந்த இடத்தில் அந்த எரிச்சல் வருதோ, உங்கட அடுத்த வேலை அங்கேதான் இருக்கு.